நூற்று ஐம்பத்து மூன்று நாள் பத்தியம்

மேல அடையவளஞ்சான் தெரு,
ஸ்ரீரங்கம்.
9-4-1967, ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் செல்லக்கிளிக்கு அப்பாவின் ஆசிகள். அங்கே மான்செஸ்டரில் நீ உடல்நலத்தோடும் மனநிம்மதியோடும் இருக்க ரங்கநாதர் துணை நிற்கட்டும். இங்கே யாவரும் சுகம் என்று அடுத்த வரியை எழுதுவது நீ கப்பலேறிய நாள் முதல் என் வழக்கம். இம்முறை அதை எழுத இயலவில்லை. முதலில் ஒன்றைப் படித்து மனத்தில் இருத்திக்கொண்டு பிறகு மற்றதைப் படி. அம்மா உயிரோடு இருக்கிறாள், தெளிவாகப் பேசுகிறாள், காய்ச்சல் நின்று பன்னிரண்டு நாளாகிறது. ஆனால் மூன்று வாரமாக ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். உனக்கு எட்டு வயதாயிருந்தபோது அவளுக்குக் குடல்வால் அறுவை நடந்தது, அப்போது நீ தொட்டியத்தில் வள்ளிக்கண்ணு சின்னம்மா வீட்டில் இரண்டு மாதம் இருந்தாய், நினைவிருக்கும். அந்தத் தழும்பு பதினெட்டு ஆண்டு கழித்துத் தானாகத் திறந்துகொண்டது. அவள் கீழே விழவில்லை, வயிற்றில் எதுவும் படவில்லை. அதற்குக் காரணம் நான். எப்படி என்பதை வரிசையாக எழுதுகிறேன். இதை உனக்கு எழுத வேண்டாம், பிள்ளை அங்கே தவித்துப் போகும் என்று அம்மா முதல் வாரம் சொன்னாள். ஐந்து மாதத்தில் அவள் சொல்லை நான் உடனே கேட்டுக்கொண்டது அந்த ஒரு முறைதான், அதுவும் எனக்கு அது வசதியாக இருந்ததால். இன்று காலை எழுதப்போகிறேன் என்றேன். “எழுதுங்க, ஆனா வைத்தியர் தலையிலயோ அந்தச் சீட்டுத் தலையிலயோ போட்டு எழுதாதீங்க” என்றாள். அப்படியே எழுதுகிறேன்.

புரட்டாசிக் கடைசியில் அவளுக்கு முழங்கால் இரண்டும் வீங்கின. உறையூரில் வைத்தியர் அழகர்சாமி என்பவரிடம் அழைத்துச் சென்றேன். கைராசிக்காரர், நேர்மையானவர் என்று பெயர். பற்பம் ஒன்றை நெய்யில் குழைத்து ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், இரு வேளையும் கொடுக்கச் சொன்னார். கடும்பத்தியம் என்றார். அதை எழுத்தில் தர வேண்டும் என்று நான் கேட்டேன். அவர் சிரித்து, “பத்தியத்தை எழுதியா வாங்குவாங்க, வீட்டு அம்மாவுக்கே தெரியுமேங்க” என்றார். நான் விடவில்லை. ஒரு துண்டுத்தாளில் ஆகாது என்று தலைப்பிட்டுப் புளி, எலுமிச்சை, தயிர், மோர், கீரை, பழம், கிழங்கு, மீன் என்றும், ஆகும் என்று தலைப்பிட்டுப் பழைய அரிசியில் வடித்த சோறு, துவரம்பருப்பு, சுண்டைவற்றல், மிளகு, நெய், சுண்டக் காய்ச்சிய பால் என்றும் எழுதிக் கொடுத்தார். அவரைப் பிஞ்சு, முருங்கைப் பிஞ்சு, கத்தரிப் பிஞ்சு ஆகியவை இரண்டு தலைப்பின் கீழும் இல்லை. இல்லாததை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தபோது, என் எடையளவு ஆய்வாளர் உத்தியோகத்தில் என்ன செய்வேனோ அதையே செய்தேன். எங்கள் சட்டப்படி, முத்திரை பதியாத படிக்கல் எவ்வளவு சரியான எடையாக இருந்தாலும் கடைத் தராசில் ஏறக் கூடாது. இருபத்தாறு ஆண்டாக அந்தச் சட்டத்தைக் கொண்டு கடைக்காரர்களிடம் நியாயம் பேசியவன், அதைச் சமையலறைக்குள்ளும் கொண்டுவந்தேன். ஆகும் என்று எழுதாதது எல்லாம் ஆகாது என்று தீர்த்தேன். வள்ளிக்கண்ணு தொட்டியத்திலிருந்து ஒரு பை நிறைய அவரைப் பிஞ்சு பறித்து வந்து, “பத்தியக் காய்ன்னு சொல்றதே இதைத்தான் மச்சான், பிள்ளை பெத்தவளுக்கே ஆக்கிப் போடுறோம்” என்றாள். சீட்டில் இல்லை என்றேன். “தண்ணிகூடத்தான் அந்தச் சீட்டுல இல்ல, அக்கா குடிக்கலாமா வேணாமா?” என்று கேட்டாள். உன் அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை, பையை அப்படியே திருப்பி அனுப்பினேன்.

அக்டோபர் பதினெட்டாம் தேதி பத்தியம் தொடங்கியது. ஒவ்வொரு வேளையும் என்ன சாப்பிட்டாள் என்பதை ஒரு நோட்டில் எழுதி வந்தேன். முப்பத்தோராம் நாள் அவள் பெரிய கோயிலுக்குப் போய் வந்து, நான் கேட்காமலே, “கையில புளியோதரை வச்சாங்க, பிரசாதத்தை வேணாம்னு சொல்ல நாக்கு வரலைங்க, ஒரே வாய்தான்” என்று சொன்னாள். பத்தியம் முறிந்தால் மருந்து வேலை செய்யாது என்று வைத்தியர் சொன்னது உண்மை. முறிந்தால் முதல் நாளிலிருந்து மறுபடி எண்ண வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. அது நானாகச் செய்த தீர்மானம். மறுநாளை ஒன்று என்று எழுதினேன். அந்த எண்ணிக்கையில் நாற்பதாம் நாள், தொட்டியத்தில் வள்ளிக்கண்ணு வீட்டில் வெயிலில் நடந்து வந்த களைப்புக்கு அரை டம்ளர் மோர் குடித்துவிட்டாள். நான் வாசலிலிருந்து பார்த்துவிட்டேன். மூன்றாம் முறையாக ஒன்று என்று எழுதினேன். “ரேஷன் கடையிலகூட இப்படித் திரும்பத் திரும்ப வரிசைக் கடைசிக்கு அனுப்ப மாட்டாங்க” என்றாள். அதன்பின் அவள் ஒருமுறையும் மீறவில்லை. மீறியிருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று இன்று எழுதுகிறேன்; அன்று அவளுடைய கட்டுப்பாட்டைப் பற்றி ஆபீசில் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். பிப்ரவரி பதின்மூன்றாம் தேதி மண்டலம் நிறைவேறியது. மண்டலம் முடிந்தால் அதே அளவு நாள் மறுபத்தியம் உண்டு என்று எங்கோ கேள்விப்பட்டிருந்தேன். யாரிடமும் விசாரிக்காமல் அதையும் தொடங்கி வைத்தேன். மருந்து தீர்ந்தபோதெல்லாம் ஆபீஸ் பியூனை அனுப்பி வாங்கினேனே தவிர, வைத்தியரை நேரில் போய்ப் பார்க்கவில்லை. உனக்கு எழுதிய கடிதங்களில், அம்மா முழங்காலுக்கு நாட்டு மருந்து சாப்பிடுகிறாள், குணம் தெரிகிறது என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டேன்.

குணம் தெரிந்தது முதல் மாதம் மட்டுமே. தை பிறந்ததும் பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் வந்தது. பற்பொடி கரகரப்பு என்று வேறு பொடி வாங்கினேன். கெண்டைக்காலில் நீலம் பாரித்தது; அம்மிக்கல்லில் இடித்துக்கொண்டாய், பார்த்து நடக்கக் கூடாதா என்றேன். இரண்டு குடம் தண்ணீர் எடுத்தால் உட்கார்ந்துவிடுவாள். கால் முழுவதும் குடைச்சல் என்றாள். பழைய வாதம் இன்னும் அடங்கவில்லை, ஆகவே பத்தியம் இன்னும் இறுக்கமாக வேண்டும் என்று முடிவு கட்டினேன். நோய் முற்ற முற்ற நான் அதற்குக் காரணமானதையே மேலும் மேலும் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது எழுதப்போவதுதான் இந்தக் கடிதத்தில் எனக்கு மிகவும் கடினமான பகுதி. ஜனவரி இருபதாம் தேதி உன் கடிதம் வந்தது. அப்பா, நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டீர்களே என்று தொடங்கி ஆங்கிலச் சொற்கள் கலந்து நான்கு பக்கம் எழுதியிருந்தாய். உயிரணுவுக்குள் புரதம் ஒரு நீண்ட சங்கிலியாகக் கோக்கப்படுகிறது, ஆனால் கோத்து முடிந்ததோடு வேலை முடிவதில்லை, முடிந்த சங்கிலியின் சில கண்ணிகளில் உயிரணு ஒரு சிறு இரசாயன மாற்றம் செய்கிறது, அந்த மாற்றத்தைப் பொறுத்தே அந்தப் புரதம் பயன்படுவதும் பயன்படாமல் போவதும் என்று எழுதியிருந்தாய். தோல், எலும்பு, ஈறு, ரத்தக்குழாய், தழும்பு எல்லாவற்றையும் கட்டி நிறுத்துவது கொலாஜன் என்னும் புரதம், அதில் புரோலின் என்ற கண்ணிகள் பலவற்றில் ஒவ்வோர் ஆக்ஸிஜன் அணு சேர்க்கப்பட வேண்டும், அது சேராத கொலாஜன் உயிரணுவை விட்டு வெளியேறாமல் தங்கிவிடுவதாகத் தெரிகிறது, ஏன் என்று எங்கள் கூடத்தில் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறோம் என்றும் எழுதியிருந்தாய். நான் அதை அம்மாவுக்கு வரி வரியாகப் படித்தேன். அவள் காலை நீட்டி உட்கார்ந்து பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். “அந்த மாத்தம் தானா நடக்குமா, இல்ல ஏதாச்சும் போடணுமா?” என்று கேட்டாள். அடுத்த வரியிலேயே உன் பதில் இருந்தது. எலுமிச்சை, நெல்லிக்காய், ஆரஞ்சு, பச்சைக் காய்கறி இவற்றில் உள்ள வைட்டமின் சி இல்லாவிட்டால் நடக்காது, முற்காலத்துக் கப்பல்காரர்கள் ஈறு அழுகிச் செத்தது அதனால்தான் என்று படித்தேன். அவள் கை நின்றது. “எனக்கு அதெல்லாம் நிறுத்தி மூணு மாசம் ஆச்சே, எனக்குள்ள அது நடக்குதாங்க?” என்றாள். அது மாதக்கணக்காகக் கடலில் போனவர்களுக்கு வந்த நோய் என்றேன். “நான் மட்டும் என்ன, இந்த வீட்டை விட்டு எறங்குனேனா? கப்பலும் இதுவும் ஒண்ணுதான்” என்று சிரித்தாள். நானும் அதை வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டு கடிதத்தை மடித்தேன். மடித்த பக்கத்தில் உன் கடைசி வரி இருந்தது. அம்மா ஏதாவது கேள்வி கேட்டால் அவள் கேட்டபடியே எனக்கு எழுதுங்கள் என்று நீ கேட்டிருந்தாய். அந்த வரியை அவளுக்குப் படிக்கவில்லை. அவள் கேள்வியையும் உனக்கு எழுதவில்லை. அம்மா உன் கடிதத்தை மிகவும் ரசித்தாள் என்று மட்டும் பதில் போட்டேன். அவள் கேட்டதை அவள் வார்த்தையில் நான் எழுதியிருந்தால், நீ அன்றே தந்தி கொடுத்திருப்பாய். இதை எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

மார்ச் பத்தொன்பது ஞாயிறு காலை, குளித்துவிட்டு வந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று என்னைக் கூப்பிட்டாள். புடவை மடிப்பில் ஈரம் பட்டிருந்தது. தண்ணீர் என்று நினைத்தேன். தழும்பு இரண்டு விரல் நீளத்துக்கு வாய் பிளந்திருந்தது. டாக்ஸி பிடித்துக் காவிரிப் பாலம் தாண்டி, கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்தேன். டாக்டர் ஸ்தனிஸ்லாஸ் என்று ஒருவர், என்னைவிடப் பத்து வயது இளையவர். வயிற்றைப் பார்த்தார், பிறகு அவள் கீழுதட்டை இழுத்து ஈறைப் பார்த்தார், கெண்டைக்காலை அழுத்தினார். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று அவளைக் கேட்டார். அவள் வாய் திறப்பதற்குள் நான் பையிலிருந்து நோட்டை எடுத்து நீட்டினேன். எதற்காகவோ தெரியவில்லை, புறப்படும் அவசரத்திலும் அதை எடுத்து வந்திருந்தேன். இவ்வளவு ஒழுங்காக யாரும் குறித்து வைத்திருக்க மாட்டார்கள் என்று டாக்டர் சொல்லுவார் என எதிர்பார்த்தேன் என்றுகூட நினைக்கிறேன். அவர் நின்றபடியே பக்கம் பக்கமாகத் திருப்பினார். “நூத்தி அம்பத்து மூணு நாள் சார். ஒரு பழம் இல்ல, ஒரு பச்சைக் காய் இல்ல. ரெண்டு இடத்துல சிவப்பு மையில கோடு போட்டிருக்கீங்களே, அது என்ன?” என்றார். பத்தியம் முறிந்த நாள் என்றேன். அவர் நோட்டை என் கையில் தராமல் மேஜை மேல் வைத்தார்.

வாய் பிளந்த இடத்தை உடனே தைக்க முடியாது என்றார். சதைக்குப் பிடிமானம் இல்லை, தையல் அறுத்துக்கொண்டு வரும், முதலில் உடம்பு நூல் நூற்கத் தொடங்க வேண்டும் என்றார். பதினெட்டு ஆண்டுத் தழும்பு எப்படிப் பிரியும் என்று கேட்டேன். “தழும்புன்னா முடிஞ்சுபோன வேலைன்னு நாம நெனைக்கிறோம். அப்படி இல்ல சார். உள்ள பழைய நூலை எடுக்கிறதும் புது நூலைப் போடுறதும் நடந்துக்கிட்டேதான் இருக்கும். இவங்களுக்கு எடுக்கிறது நடந்திருக்கு, போடுறது நின்னுபோச்சு” என்றார். புரோலினில் ஆக்ஸிஜன் சேராததாலா என்று கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்து, உங்களுக்கு இது எப்படித் தெரியும் என்றார். என் மகள் இங்கிலாந்தில் இதைத்தான் ஆராய்கிறாள், ஜனவரியில் எழுதியிருந்தாள் என்றேன். “ஜனவரியிலயே தெரியுமா?” என்றார். குற்றம் சாட்டும் குரல் இல்லை, உண்மையாகவே விளங்காமல் கேட்டார்.  பக்கத்தில் படுத்திருந்த உன் அம்மா, “அவருக்கு இங்கிலீஷ்ல தெரியும் டாக்டர்” என்றாள்.

அடுத்த எட்டு நாள் எப்படிக் கழிந்தன என்று விரித்து எழுத மாட்டேன். புண்ணில் சீழ் பிடித்துக் காய்ச்சல் நூற்று மூன்றுக்குக் குறையவில்லை. வயிற்றுக்குள் இறங்கிவிட்டால் கடினம் என்று டாக்டர் என்னைத் தனியே அழைத்துச் சொல்லிவிட்டார். பகலெல்லாம் வராந்தாப் பெஞ்சில் உட்கார்ந்து உன் ஜனவரிக் கடிதத்தைப் படித்தேன். பதினைந்து முறையாவது படித்திருப்பேன். வார்த்து முடிந்த படிக்கல்லில் நாங்கள் அடிக்கும் முத்திரையைப் போன்றது உன் மாற்றம் என்று முதலில் எனக்குள் ஓர் உவமை சொல்லிப் பார்த்தேன். சரிப்படவில்லை. எங்கள் முத்திரை கல்லின் எடையை மாற்றுவதில்லை. அது இல்லாவிட்டாலும் கல் கல்லாகவே இருக்கும், அதிகாரிக்கு மட்டுமே அது வேறு. உன்னுடைய ஆக்ஸிஜன் அணுவோ அந்தப் புரதத்தின் குணத்தையே மாற்றிவிடுகிறது. ஓர் அணு, அதுவும் சங்கிலி முழுதும் கோத்து முடிந்த பிறகு. எதை எழுதவில்லையோ அது விலக்கப்பட்டது என்ற விதி உயிரணுவுக்குத் தெரியாது, அது கேட்டதைக் கொடுத்தால் செய்கிறது, கொடுக்காவிட்டால் நிறுத்திவிடுகிறது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு உன் படிப்புத் தேவைப்பட்டது. வள்ளிக்கண்ணுவுக்கு ஒரு பை அவரைப் பிஞ்சு போதுமாயிருந்தது.

உறையூருக்கும் போய் வந்தேன். சண்டை போடத்தான் போனேன் என்பதை மறைக்கவில்லை. வைத்தியர் அழகர்சாமி நான் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, திகைத்துப் போய், “ஒரு மண்டலம்னுதானேங்க சொன்னேன். பிஞ்சுக் காயெல்லாம் பத்தியக் காய்தான்னு ஊருக்கே தெரியும்னு எழுதலைங்க. பியூன் வந்து மருந்து கேட்டப்போ வேற யாருக்கோன்னு குடுத்துட்டேன், அது என் தப்பு” என்றார். தம் தப்பை அவர் தேடி எடுத்து ஒப்புக்கொண்டது என்னைத் தலைகுனிய வைத்தது. மறுநாள் காலை அவரே இரண்டு பஸ் மாறி ஆஸ்பத்திரிக்கு வந்து அம்மாவைப் பார்த்தார். டாக்டரும் அவரும் வராந்தாவில் அரை மணி நேரம் நெல்லிக்காயைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள், சண்டையில்லை.

மார்ச் இருபத்தெட்டாம் தேதி காய்ச்சல் இறங்கியது. மாத்திரையோடு ஆரஞ்சுச் சாறும் நெல்லிக்காய்ச் சாறும் கொடுக்கிறார்கள். பேட்ரிசியா என்று ஒரு நர்ஸ், பொன்மலை ரயில்வே காலனிக்காரி, வாய் ஓயாமல் பேசுவாள். “மயிலம்மா, இன்னிக்கு ஸ்மைல் பண்ணு, பிளட் வராது, நான் பெட் கட்றேன்” என்று சொல்லிச் சொல்லி அம்மாவைச் சிரிக்க வைப்பாள். ஈறு உண்மையிலேயே இறுகிவிட்டது. சாறு கொடுக்கும் நேரத்தை நான் ஒரு தாளில் எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டப் போனேன். பேட்ரிசியா அதைப் பிடுங்கி, “மிஸ்டர், இது என் வார்டு, உங்க ஆபீஸ் இல்ல” என்று மடித்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள். புண் மூன்றில் இரண்டு பங்கு மூடிவிட்டது. மீதி இடம் கீழிருந்து மேலாகத்தான் வளர்ந்து வர வேண்டும், சரியாக இறுகாவிட்டால் பின்னாளில் அங்கே குடலிறக்கம் வரலாம், மறுபடி அறுவை தேவைப்படலாம் என்கிறார் டாக்டர். ஆகவே அபாயம் முழுவதும் நீங்கிவிட்டது என்று உனக்கு எழுதி ஏமாற்ற மாட்டேன். விமானம் ஏறி வா என்றோ வராதே என்றோ நான் சொல்லவில்லை. அதை அம்மாவைக் கேட்டுக்கொண்டு நீயே முடிவு செய்.

இந்த வாரம் வியாழக்கிழமை வீட்டுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அம்மா ஸ்ரீரங்கத்துக்கு வரவில்லை. தொட்டியத்துக்குப் போகிறாள். நேற்று மாலை வள்ளிக்கண்ணு துணிமணியை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது அம்மாவே என்னிடம் சொன்னாள். “கோவிச்சுக்கிட்டுப் போறேன்னு நெனைச்சுக்காதீங்க. சோத்துத் தட்டு முன்னால உக்காந்தா, நீங்க பாக்குறீங்களான்னு பாக்கத் தோணுது. இங்க ஆரஞ்சு உரிக்கிறப்பகூட வாசலைப் பாத்துட்டுத்தான் வாயில போடுறேன். அது போகட்டும், அப்புறம் வரேன்” என்றாள். எத்தனை நாளாகும் என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. வள்ளிக்கண்ணு மட்டும், “ஞாயித்துக்கிழமை வந்து பாருங்க மச்சான், சமையக்கட்டுப் பக்கம் வராம முன்னாடியே உக்காருங்க” என்றாள். போவேன். நான் மட்டும் இங்கே தனியே சமைத்துக்கொள்வேன். துவாக்குடிப் பக்கம் எழும்பும் புதிய தொழிற்சாலையின் லாரி எடைமேடைகளைச் சோதிக்கும் வேலை இந்த மாதம் முழுவதும் இருப்பதால் பகலில் வீட்டில் இருக்க மாட்டேன், என்னைப் பற்றிக் கவலை வேண்டாம். ரொட்டியும் தேநீருமாகக் காலம் தள்ளாதே என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுவேன். ஒருவர் எதைச் சாப்பிட வேண்டும் என்று சொல்லும் நிலையில் நான் இப்போது இல்லை. நீ அறிந்தபடி செய்.

அம்மா உன்னிடம் ஒன்று கேட்கச் சொன்னாள். டாக்டரைக் கேட்டதற்கு, அது எனக்குத் தெரியாது, உங்கள் மகளிடம்தான் கேட்க வேண்டும் என்றுவிட்டார். அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு, மறுபடி அவளுக்கே படித்துக் காட்டிச் சரிபார்த்து இங்கே இறக்குகிறேன். ஒரு சொல்லும் என்னுடையது இல்லை. “மாத்தம் ஆகாம உள்ளயே தங்கிப்போன நூலெல்லாம் என்ன ஆகும்? இப்போ இம்புட்டுச் சாறு குடிக்கிறேனே, அதுங்களுக்கும் இப்போ மாத்தம் கெடைச்சு வெளிய வந்து வேலை செய்யுமா, இல்ல அஞ்சு மாசமும் வீண்தானா? புதுசா நூத்தாத்தான் உண்டா? நெசத்தை எழுது, அப்பாவுக்காகப் பாக்காத.” இதற்கு நீ எழுதும் பதில், இனி நீ எழுதும் எல்லாக் கடிதமும், அம்மா பெயருக்கே போகட்டும். அவள் ஐந்தாம் வகுப்புப் படித்தவள்; எழுத்துக் கூட்டி வாசிப்பாள், நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். நேரம் மிச்சம் பிடிப்பதாக எண்ணி இத்தனை நாள் நான் நடுவில் நின்று படித்தது போதும். ஆங்கிலச் சொல் கலக்காமல், இடம்விட்டுப் பெரிய எழுத்தாக எழுது. கவரின் மேல் மயிலம்மாள், மேல்பார்வை வள்ளிக்கண்ணு, காவிரிக்கரைத் தெரு, தொட்டியம், திருச்சிராப்பள்ளி ஜில்லா என்று போட்டால் போதும். என் பெயர் வேண்டாம். எனக்குத் தெரிய வேண்டியது ஏதேனும் அதில் இருந்தால், ஞாயிற்றுக்கிழமை நான் போகும்போது அவள் படித்துச் சொல்லட்டும். நான் உட்கார்ந்து கேட்கிறேன்.

நீ நீண்ட ஆயுளோடும் நல்ல புகழோடும் வாழ வேண்டும் என்று அம்மாவும் நானும் வாழ்த்துகிறோம். அம்மாவின் கேள்விக்குப் பதிலை மட்டும் தாமதிக்காமல் தபாலில் சேர்த்துவிடு.

உன் அப்பா,
ஆ. அடைக்கலம்